கலங்கிய பாட்டிலும் நான் போடாத கையெழுத்தும்

ஓசூர் சிப்காட்டில் நாங்கள் தயாரித்தது நோய் வராமல் தடுக்கும் ஊசி அல்ல. புற்றுநோய் வந்தவருக்கான ஊசி. அவருடைய கட்டிக்கே உரிய அடையாளங்களை அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக்கொடுக்கும் மருந்து. ஒரு பேட்ச், ஒரே ஆளுக்கு. ஆராய்ச்சி நிலையில் இருந்ததால் நோயாளியின் பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். நான் குவாலிட்டி பிரிவின் தலைவி.

பதினேழாம் எண்ணுக்கான பேட்ச் ஸ்டெரிலிட்டி டெஸ்டில் இருந்தது. மருந்தை ஊட்டத் திரவத்தில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பதினான்கு நாள் பார்ப்போம். பதினோராம் நாள் காலை எங்கள் மைக்ரோபயாலஜிஸ்ட் நசீமா வந்து, ஒரு பாட்டில் கலங்கியிருக்கிறது என்றாள்.

புரொடக்‌ஷன் தலைவர் ராகவேந்திரா உடனே மீட்டிங் போட்டார். லேபில் நுழைந்த கிருமியாக இருக்கும், ரிசல்ட்டை ரத்து செய்துவிட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்கள் என்றார். ரத்து செய்ய ஆதாரமும் என் கையெழுத்தும் வேண்டும். மருந்து விடாமல் ஒப்பிட்டுப் பார்க்க நசீமா வைத்திருந்த கன்ட்ரோல் பாட்டில்கள் தெளிவாகவே இருந்தன; லேப் கிருமி என்றால் அவையும் கலங்கியிருக்கும். முடியாது என்றேன்.

"அந்த பேஷன்ட்டுக்கு டைம் இல்ல மேடம். நீங்க சைன் பண்ணலன்னா, நடக்கிறதுக்கு நீங்கதான் பொறுப்பு."

நான் பேனாவை மூடினேன்.

"பொறுப்பு எனக்குத்தான் சார். அதனாலதான் போடமாட்டேன். கீமோவுல ஓய்ஞ்ச உடம்பு அது. அதுல கிருமிய ஏத்தச் சொல்றீங்களா?"

டைரக்டரும் போனில் கேட்டுப் பார்த்தார். நான் 'ரிஜெக்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். புது பேட்சுக்கு மூன்று வாரமாகும் என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் நானே சொன்னேன். அவர், "சுத்தமா குடுங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

காரணத்தைத் தேடியபோது, மருந்து நிரப்பும் மூடிய பெட்டிக்குள் கைவிடும் கையுறையில், விரல் ஓரமாக ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது. பாட்டிலில் வளர்ந்த அதே கிருமி அங்கேயும் கிடைத்தது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நான் சொன்னது சரிதான் என்று தெரிந்த பிறகும் அந்த மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழாம் எண் காத்திருந்ததே.

இரண்டாவது பேட்ச் தேறியது. அது கிளம்பிய மறுவாரம் என்னை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். பதினேழாம் எண்ணுக்கு மூன்றாவது டோஸ் அனுப்பச் சொல்லி வந்த கடிதத்தை அங்கே நான்தான் ஃபைல் செய்தேன். ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அவசரம் என்று நீட்டுகிற காகிதத்தை முழுசாகப் படியுங்கள். மனசு ஒப்பாவிட்டால் பேனாவை மூடிவிடுங்கள். வேறு ரூமுக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதானே.