பத்தொன்பது செக்கன் பிந்திய பாட்டு

1. திருப்பித் தந்த பிளேயர்

சாமுவேல் அண்ணை தன் பிளேயரைத் திருப்பித் தர வந்த அன்று கடையில் நல்ல சனம். சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது எங்கள் கடை. போன் திருத்துவோம், மெமரி காட்டுக்குப் பாட்டு ஏற்றுவோம், சின்னச் சின்ன பிளேயர்கள் விற்போம். முதலாளி சிவம் அண்ணை போன் திருத்தும் மேசையில் இருப்பார். பாட்டுப் பக்கம் முழுக்க என் பொறுப்பு. அந்த வேலைக்கு வந்து அப்போது ஆறு வருடம். பாட்டு ஃபைலில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அவர் மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு பிளேயரையும் அதன் காது வயரையும் மேசையில் எனக்கு முன்னால் வைத்தார்.

"பிள்ளை, உந்தப் பிளேயரை வேறை ஆருக்கும் குடுங்கோ."

"ஏன் அண்ணை, பழுதே?"

"பிளேயர் வடிவாய் வேலை செய்யுது. நான்தான் பழுது."

சிரிப்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாமுவேல் அண்ணையை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. அரச பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மிதிபலகையில் நின்று "மீசாலை, கொடிகாமம்" என்று கூப்பிட்டால் சந்தைக்குள் நிற்பவர்களுக்கும் கேட்கும். புத்தூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு மிஷன் தேவாலயத்தின் பாடகர் குழுவில், பேஸ் என்கிற அடிக்குரலை நாற்பது வருடமாகப் பாடி வந்தவர். அந்த வருடம் கழுத்தில் தைரொயிட் ஒப்பரேஷன் செய்திருந்தார். குரல் கொஞ்சம் மாறக்கூடும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம்.

"ஒப்பரேஷனுக்குப் பிறகு இந்த நத்தார்ப் பண்டிகைக்குத்தான் முதல் முதல் பாடப் பாத்தன்," என்றார். "அந்தப் பாட்டிலை ஒரு அடிச்சுரம் வருது. முந்தி அது எனக்கு மூச்சு விடுற மாதிரி. இப்ப வாயைத் திறந்தால் காத்துத்தான் வருது பிள்ளை. மூண்டு கிழமையாய் விடாமல் பாத்திட்டன். போதும்."

"றூபி ரீச்சருக்குச் சொல்லிப்போட்டியளே?"

"இல்லை. சனிக்கிழமை எல்லாரும் சேந்து பாடுற முதல் பிராக்ரிஸ். அதுக்கு முதல் போய்ச் சொல்லவேணும். எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை."

2. கடை வழக்கம்

றூபி ரீச்சர் அந்தப் பாடகர் குழுவை நடத்துபவர். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். குழுவில் பலருக்குச் சுர எழுத்து வாசிக்கத் தெரியாது, பாதிப் பேரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அந்த வருடம் ரீச்சர் ஒரு புது வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு குரலுக்கும் உரிய இராகத்தைத் தனித்தனியாக ஓகன் வாத்தியத்தில் வாசித்து, ஒரு ரெக்கோர்டரில் பதிந்து, எங்கள் கடைக்குக் கொண்டு வந்தார். அவரவர் குரல் அவரவர் பிளேயரில். சமைக்கும்போதும் தோட்டத்தில் நிற்கும்போதும் கேட்டுக் கேட்டுப் பழகலாம்.

ரெக்கோர்டரில் இருந்தது WAV ஃபைல். அது அளவில் பெரியது. சின்ன பிளேயர்களுக்காக நான் அதை MP3 ஆக மாற்றினேன். ரீச்சருக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் உலோகப் பிளேயர். எங்களிடம் அது அவ்வளவுதான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் சட்டையில் கொளுவுகிற பிளாஸ்ரிக் பிளேயர், திரை இல்லாதது. ஒவ்வொன்றிலும் பாட்டின் முதல் ஐந்து செக்கனைக் கேட்டுவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த சாமானைச் சோதிக்காமல் அலுமாரிக்குள் வைக்கக்கூடாது. சாமுவேல் அண்ணை போகத் திரும்பியபோது, "ஒரு நிமிசம் இருங்கோ அண்ணை, செக் பண்ணிப்போட்டு எழுதுறன்," என்று சொல்லி ஸ்ரூலை இழுத்து விட்டேன். பிளேயரை ஒரு சின்ன ஸ்பீக்கரில் கொளுவினேன். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க, அதே ஃபைலைக் கொம்பியூட்டரிலும் போட்டுச் சத்தத்தைக் குறைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அமத்தினேன்.

தொடங்கும்போதே இரண்டும் சேராமல் காதைக் கடித்தது. பிறகு கொம்பியூட்டர் முன்னுக்குப் போகத் தொடங்கியது. முதலில் ஒரு சொல் அளவு, பிறகு ஒரு வரி. மூன்று நிமிடம் நாற்பது செக்கனில் கொம்பியூட்டர் பாட்டை முடித்துவிட்டது. பிளேயர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தொன்பது செக்கன் கழித்துத்தான் அது நின்றது.

பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து சார்ஜ் வயரில் போட்டுப் பார்த்தேன். அதே பத்தொன்பது செக்கன். அலுமாரியில் இருந்து அதே ரகத்தில் புதுப் பிளேயர் எடுத்து அதே ஃபைலைப் போட்டேன். அதுவும் பிந்தியது. கடைக்கு என்று வைத்திருந்த உலோகப் பிளேயரில் போட்டேன். அது கொம்பியூட்டரோடு ஒன்றாக முடிந்தது.

ஃபைலின் விபரத்தைத் திறந்து பார்த்தேன். 48,000 என்று இருந்தது.

இதைக் கடைகளில் வேலை செய்யும் இளம் ஆட்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒலியைப் பதியும்போது ஒரு செக்கனுக்குள் அதை எத்தனையோ ஆயிரம் தரம் அளந்து எழுதி வைக்கிறோம். அந்த எண்ணிக்கைதான் சாம்பிள் ரேட். பாட்டு ஃபைல்களில் அது வழக்கமாக 44,100. வீடியோவுக்கு ஏற்ற ரெக்கோர்டர்களில் பெரும்பாலும் 48,000. நல்ல பிளேயர் ஃபைலில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். நாங்கள் விற்ற பிளாஸ்ரிக் பிளேயருக்குத் தெரிந்தது ஒரே வேகம்தான். செக்கனுக்கு 48,000 என்று எழுதியதை அது 44,100 வீதம் மெதுவாக வாசித்தது. அதனால் பாட்டு நீண்டது. நீண்டதோடு நிற்காமல் சுருதியும் கீழே இறங்கிவிட்டது.

மாற்றும்போது அந்த எண்ணை 44,100 என்று தெரிவு செய்திருக்க வேண்டியது நான். நான் அதைப் பார்க்கவே இல்லை.

3. பஸ் நிலையத்துச் சத்தம்

"அண்ணை, இன்னும் பத்து நிமிசம் தாங்கோ."

"என்ன பிள்ளை, பழுதாப் போச்சே?"

ரீச்சர் தந்த WAV ஃபைல்களை அழிக்காமல் வைத்திருந்தேன், அது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம். MP3 ஐத் திருப்பித் திருப்பி மாற்றினால் ஒலி தேய்ந்துகொண்டே போகும். மூலத்தில் இருந்தே புதிதாக மாற்றி, அவருடைய பிளேயரில் ஏற்றி, இந்தமுறை கடைசிவரை கொம்பியூட்டரோடு ஓட விட்டேன். இரண்டும் ஒன்றாக நின்றன.

"இப்ப ஒருக்கால் பாடிப் பாருங்கோ."

"இஞ்சையோ? சனத்துக்குள்ளையோ?"

"வெளியாலை நிண்டு பாடுங்கோ. பஸ் சத்தத்திலை ஒருத்தருக்கும் கேளாது."

வயரைக் காதில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். யாழ்ப்பாணத்துக்குப் போகிற பஸ் ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் முகம் தெரியவில்லை. தொடக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பஸ்ஸின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம் வந்தது, கண்ணாடி அலுமாரியில் கை வைத்திருந்தால் அதிர்வு தெரிந்திருக்கும் போல. கச்சான் கடலை விற்கும் அம்மா திரும்பிப் பார்த்தார். பஸ் போய்விட்டது. சாமுவேல் அண்ணை நிறுத்தவில்லை. கடைக்குள் நின்ற இரண்டு பேர் என்ன நடக்கிறது என்று பார்க்க வாசலுக்கு வந்தார்கள்.

உள்ளே வந்து ஸ்ரூலில் இருந்தார். கண் சிவந்திருந்தது.

"கொஞ்சம் கரகரப்பு இருக்கு," என்றார். "ஆனால் கிடக்கு. சாமான் கிடக்கு பிள்ளை."

"பிழை உங்களிலை இல்லை அண்ணை. நான்தான் ஃபைலைப் பிழையாய் மாத்திப்போட்டன். நீங்கள் கேட்ட பாட்டு உண்மையான பாட்டை விடக் கீழை இறங்கி இருந்தது."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிளேயரை எடுத்துச் சட்டையில் கொளுவினார்.

"அப்ப நான் மூண்டு கிழமையாய், இல்லாத சுரத்தையே தேடினனான்?" என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

4. ரீச்சரிடம் சொன்னது

அவர் போனதும் சிவம் அண்ணை திருத்திக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தார்.

"மற்றாக்களின்ரையும் உப்பிடித்தானே இருக்கும்?"

"ஓம். பிளாஸ்ரிக் எல்லாம்."

"ரீச்சரின்ரை ரெக்கோர்டரிலை சின்னப் பிரச்சினை எண்டு சொல்லு பிள்ளை. அது முழுப் பொய்யும் இல்லைத்தானே. எங்கடை பிழை எண்டு சொன்னால் கடையைப் பற்றி ஊரெல்லாம் கதைப்பினம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கடையை ஒரு மேசையில் தொடங்கி வளர்த்தவர், அந்தப் பயம் அவருக்கு. ஆனால் ரெக்கோர்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ரெக்கோர்டரில் பழியைப் போட்டால் ரீச்சர் பழுதில்லாத ஒன்றைத் திருத்தக் கொண்டு திரிவார். "நான் உள்ளதைச் சொல்லப் போறன் அண்ணை," என்றேன். அவர் திருத்திய போனை மறுபடி திறந்தார்.

ரீச்சருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஓகன் கட்டைகளை அமத்திப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு இறங்கியிருக்கு?"

என்னிடம் இருந்த பழைய ஃபைலைப் பிளாஸ்ரிக் பிளேயரில் போட்டுப் போனுக்குக் கிட்டப் பிடித்தேன்.

"ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவிலை நிக்குது," என்றார். "இப்ப எனக்கு விளங்குது. சோப்ரானோ பிள்ளையள் எல்லாம் 'ரீச்சர், இந்தமுறை உச்சச்சுரம் லேசாய் வருது' எண்டு ஒரே சந்தோசம். அவைக்கு இனித்தான் இருக்கு!"

பிறகு குரல் மாறியது. "சாமுவேல் விடப் பாத்தவரே? எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை. அவர் இல்லாட்டில் எங்களுக்கு அடியே இல்லை, வசந்தி."

சனிக்கிழமை லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனேன். பின் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பிளேயர்களை ஒவ்வொன்றாக வாங்கிப் புது ஃபைலை ஏற்றினேன். எல்லோருக்கும் முன்னால், பிழை என்னுடையது என்று சொன்னேன். ஒருவரும் கோபிக்கவில்லை. உச்சச்சுரம் பாடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் முறைத்தார்கள்.

அன்று முதல் தடவையாக நாலு குரலும் சேர்ந்து பாடுவதைக் கேட்டேன். நான் சைவக்காரி, அந்தப் பாட்டுகள் எனக்குப் பழக்கமில்லை. தனித்தனி ஃபைலாகக் கேட்டபோது அவை எனக்கு வெறும் நீட்டி இழுக்கிற சத்தம். சேர்ந்தபோதுதான் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்தது. ஒப்பரேஷன் சாமுவேல் அண்ணையிடமிருந்து ஒன்றும் எடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மேல் சுரங்களில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பக்கத்தில் நின்றவர் அந்த இடங்களைத் தாங்கிக்கொண்டார். கீழே இறங்கியபோது வாங்கின் பலகை என் முதுகில் அதிர்ந்தது.

நத்தார் ஆராதனைக்கு ரீச்சர் எங்களையும் அழைத்தார். சிவம் அண்ணை மனைவியோடு வந்து முழுவதும் இருந்து கேட்டார். கடையைப் பற்றி ஊர் கதைத்தது உண்மைதான். "அவையள் பிழை விட்டால் மறைக்கமாட்டினம்" என்று கதைத்தார்கள்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மூல ஃபைலை அழிக்காதீர்கள். கொம்பியூட்டரில் சரியாகக் கேட்டது என்று நம்பாதீர்கள், எந்தக் கருவியில் கேட்கப் போகிறார்களோ அதிலேயே, முடியும்வரை கேளுங்கள். உங்கள் கையில் நடந்த பிழையை வாடிக்கையாளர் தன்னுடைய குறை என்று நினைத்து வீட்டில் வருந்திக்கொண்டிருக்கலாம். அவர் வந்து முறையிடமாட்டார். நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த வருடமும் ரீச்சர் ரெக்கோர்டரோடு வந்தார். நான் பிளேயர்களை மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டையும் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை கேட்டேன். முற்பகல் முழுவதும் அதிலேயே போயிற்று. வந்த சனத்தைச் சிவம் அண்ணையே பார்த்து அனுப்பினார். நடுவில் ஒரு தடவை எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி வாங்கி வந்து, சத்தம் போடாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.