மச்சினன் அனுப்பிய ஆயில்

எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமான்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. வந்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. இது எதற்கு என்று கேட்கவும் கூடாது. அனுப்பியவன் போனில் கேட்பதற்குள் பயன்படுத்தித் தொலைக்க வேண்டும். என் மனைவியின் தம்பி வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஒருமுறை அவன் கனமான ரோமப் போர்வை ஒன்றை அனுப்பினான். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். ஆனாலும் அவன் லீவில் வந்திருந்த மாதம் முழுக்க அதைப் போர்த்திக்கொண்டுதான் படுத்தேன்.

போன வருஷம் அவனுடைய கார்கோ பெட்டியில் பிஸ்தா, தைலம், டார்ச் லைட்டோடு நாலு லிட்டர் என்ஜின் ஆயில் டப்பா ஒன்றும் வந்தது. டப்பாவின் மேல் பளபளவென்று ஒரு கார் படம். எனக்கு இருப்பதோ பத்து வருஷத்துப் பைக். போனில் அவனிடம் லேசாகக் கேட்டுப் பார்த்தேன்.

“காருக்கே ஊத்துற ஆயிலு மச்சான். பைக்குக்கு ஊத்துனா சும்மா வழுக்கிக்கிட்டு ஓடும் பாருங்க” என்றான்.

அவன் சொன்னது அப்படியே பலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, பழைய ஆயிலை வடித்துவிட்டு, நானே புதியதை ஊற்றினேன். எதிர் வீட்டுக்காரர் பார்க்கும்படி டப்பாவைத் திண்ணையின் மேல் வைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் சில நாள் வண்டி வெண்ணெயாக ஓடியது. போவோர் வருவோரிடமெல்லாம் வெளிநாட்டு ஆயில் என்றேன்.

பத்தாம் நாள் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ரயில்வே மேம்பாலத்தில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் என்ஜின் கதறுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பின்னால் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் சைக்கிளை மிதித்து வந்த ஒருவரும் தாண்டினார். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததை நான் மறந்தாலும் என் மனைவி மறக்க விடமாட்டாள்.

வண்டியை எங்கள் தொழிற்பேட்டை ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டேன். நான் அந்தப் பேட்டையில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். பீங்கான் பியூஸ் கட்டைகள் செய்கிறோம். பேட்டையில் வேலை செய்கிறவர்களின் வண்டிகள் பாதிக்கு மேல் இந்த மெக்கானிக்கிடம்தான் போகும். அவர் மனைவி எங்கள் கம்பெனியில், கட்டைகளுக்குப் பளபளப்புப் பூச்சு ஏற்றும் கிளேஸ் பிரிவில் வேலை பார்க்கிறார்.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “கிளட்ச்சு ஸ்லிப் ஆவுது சார். கேபிளு சரியாத்தான் இருக்குது. பத்து வருஷத்து பிளேட்டு, மாத்திடலாம். ஆயிலு எப்ப மாத்துனீங்க?”

“அதெல்லாம் புது ஆயிலு. இப்பதான் மாத்துனேன். கீழ ஊத்திடாதப்பா, அதையே வடிகட்டி திருப்பி ஊத்து.”

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என்ன ஆயில் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், “கார் ஆயிலயா ஊத்துனீங்க?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாரோ என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. பாவம், மனிதர் புது ஆயிலாயிற்றே என்று சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சொட்டு வீணாக்காமல் திருப்பி ஊற்றினார்.

புது பிளேட் போட்ட நாலாம் நாள் அதே மேம்பாலம், அதே கதறல்.

இப்போது எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். ஆயிலைக் குற்றம் சொல்ல வழியில்லை. வீட்டில் வாயைத் திறந்தபோதே, “தம்பி ஆசையா அனுப்புனது, அதுல போயி குறை கண்டுபுடிச்சிக்கிட்டு” என்று மனைவி அடைத்துவிட்டாள். மச்சினன் வேறு வீடியோ காலில் வந்து “ஆயிலு எப்பிடி மச்சான்?” என்று கேட்டான். “பிரமாதம்” என்றேன். ஆயில் பிரமாதம் என்றால், பிளேட் மோசமாகத்தானே இருக்க வேண்டும்?

பேட்டை கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, “டூப்ளிகேட் பிளேட்ட மாட்டி அனுப்பிட்டான்” என்றேன். ஒரே ஒரு டீ குடிக்கிற நேரம்தான். வெறும் வாயை மெல்லுகிற எங்கள் டீக்கடைக்கு நான் அவல் கொடுத்துவிட்டேன். ஒருவர் போன வருஷம் தன் பிரேக் கட்டை சீக்கிரம் தேய்ந்ததை நினைவுகூர்ந்தார். இன்னொருவருக்கு, அங்கே விட்ட தன் வண்டியில் பெட்ரோல் குறைந்தது ஞாபகம் வந்தது. அந்த வாரமே மெக்கானிக் கடை வாசல் வெறிச்சோடியது. வழக்கமாக நாலைந்து வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

கிளேஸ் பிரிவில் என் முக்கியமான வேலை கத்துவது. முதல் சூளையில் வெந்து வரும் கட்டையைப் பிஸ்கட் என்போம். அதன் மேல் எண்ணெய்க் கை பட்டால் போதும், அந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காமல் விலகிவிடும். இரண்டாம் சூளையிலிருந்து வரும்போது விரல் பட்ட இடம் சொட்டையாக இருக்கும். அதனால் தலைக்கு எண்ணெய் வைத்து வருகிற பெண்களையெல்லாம் நான் தினமும் வறுத்தெடுப்பேன்.

அன்றும் வறுத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கின் மனைவி கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“எங்க வூட்டுக்காரரு டூப்ளிகேட்டு போடுறாருன்னு சொன்னீங்களாமே சார்?”

ஒரு கட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் பார்த்தேன். சூப்பர்வைசர்களுக்குப் பதில் இல்லாதபோது இது ரொம்ப உதவும்.

“ஒரு வாரமா ஒரு வண்டி வரல. மனுசன் கடையத் தொறந்து வச்சிக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. எண்ண பட்ட பிஸ்கட்டுல கிளேஸ் நிக்காதுன்னு எங்கள தினம் திட்டுறீங்களே, உங்க வண்டியில என்னா பட்டுச்சின்னு பாத்தீங்களா? சாயங்காலம் வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கச் சொல்றேன்.”

பிரிவே கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. போகாமல் இருக்க முடியுமா?

சாயங்காலம் மெக்கானிக் வண்டியை வாங்கி நிறுத்தினார். ஆயிலை வடித்தார். வலது பக்க மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு துணியில் வரிசையாக வைத்தார். கருகல் இல்லை, தேய்மானம் இல்லை. ஸ்பிரிங்குகளை அளந்து பார்த்தார், அவையும் சரி. பிறகு ஆயிலில் விரலைத் தோய்த்துத் தேய்த்தார், முகர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“இது நம்ம ஊரு பைக் ஆயிலு வாசம் இல்லயே சார்.”

மச்சினன், கார்கோ, கார் படம் எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னதுதான் வலித்தது.

“காருல கிளட்ச்சு தனியா காய்ஞ்சி கெடக்கும் சார், ஆயிலு படாது. பைக்குல இந்த பிளேட்டெல்லாம் என்ஜின் ஆயிலுக்குள்ளாறதான் முங்கிக் கெடக்குது. வழுக்கறதுக்குன்னே மருந்து போட்ட கார் ஆயில ஊத்துனா, ஒண்ண ஒண்ணு எப்பிடி கவ்வும்? அன்னிக்கே சொல்லியிருந்தா பழைய பிளேட்டே ஓடியிருக்கும்.”

பிளேட்டுகளைப் பெட்ரோலில் இரண்டு தடவை அலசினார். இரும்புத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்தார். பைக் ஆயிலில் ஊறவைத்து, திரும்ப அடுக்கி, புது பேக்கிங் வைத்து மூடினார். கொஞ்சம் பைக் ஆயில் ஊற்றி என்ஜினை ஓடவிட்டு, அதையும் வடித்துக் கழித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். மேம்பாலத்தில் வண்டி விருட்டென்று ஏறியது. என் மானம்தான் இறங்கிப்போனது.

திரும்பி வந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “எங்க உக்காந்து சொன்னீங்களோ அங்கயே உக்காந்து மாத்திச் சொல்லிடுங்க சார். அது போதும்.”

மறுநாள் டீக்கடையில் சொன்னேன். “தப்பு என்னோடது. கார் ஆயில நான்தான் ஊத்துனேன். பிளேட்டு ஒரிஜினல்.”

டீ மாஸ்டர் உருகிவிட்டார். “உங்களுக்குப் பெரிய மனசு சார்.” பக்கத்தில் இருந்தவர், “அவரு சம்சாரம் சார்கிட்டதான வேலை பாக்குது, வுட்டுக்குடுப்பாரா?” என்றார். நான் பொய் சொன்னபோது உடனே நம்பிய ஊர், உண்மையைச் சொன்னபோது என்னைப் பெருந்தன்மைக்காரனாக்கிவிட்டது. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அடுத்த நாள் டப்பாவையே கொண்டுபோய் டீக்கடை மேசையில் வைத்தேன். கை மாறி மாறிப் போனது. கார் படத்தைத் தடவிப் பார்த்தார்கள். முன்பு பிரேக் கட்டையைக் குறை சொன்னவர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மீதி இருக்குது போலருக்கே சார். என் வண்டிக்குக் கொஞ்சம் குடுங்களேன்?”

அவர் வண்டியும் பாலத்தில் நிற்கும், அதற்கும் மெக்கானிக் தலைதான் உருளும் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் கம்பெனியில் மண்ணை அச்சில் அழுத்திக் கட்டை எடுக்கும் பிரஸ் ஆபரேட்டர், மண் ஒட்டாமலிருக்க அச்சில் தடவுகிற கழிவு ஆயிலை ஒரு பக்கெட்டில் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் டப்பாவைக் கவிழ்த்தேன். தேன் நிறத்தில் இருந்த வெளிநாட்டு ஆயில், மூன்று லிட்டர், கருப்பு ஆயிலில் விழுந்து கலந்தது.

“அய்யய்யோ!” என்று கடையே எழுந்தது.

“வழுக்க வேண்டிய எடத்துல வழுக்கட்டும்” என்றேன்.

அப்போதுதான் நம்பினார்கள். வெளிநாட்டுச் சாமானை ஒரு மனிதன் காரணமில்லாமல் கழிவில் கொட்டமாட்டான் என்பது எங்கள் ஊரில் சத்தியத்துக்கு மேலான சாட்சி. அன்று மதியமே மெக்கானிக் கடை வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. நாய் வேறு இடம் தேடிப் போயிருந்தது.

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. அதே மிதப்பில் கிளேஸ் பிரிவுக்குள் நுழைந்து, தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுக்கக் கை நீட்டினேன். மெக்கானிக்கின் மனைவி சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கையக் கழுவிட்டு வாங்க சார்.”

விரல்களைப் பார்த்தேன். ஐந்திலும் ஆயில். கழுவப் போனேன்.