கோடு வெள்ளையா, மஞ்சளா?

உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா? எனக்குத் தீர்ந்துவிட்டது.

போன ஞாயிறு நோர்வேயின் புருசெத்தில் இருக்கும் தங்கை வசந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை – அவள் கணவர் சிவம் என் கையில் இரண்டு சிவப்பு வில்லைகளைத் திணித்தார். சூதாட்ட விடுதியில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் கசினோ சிப். நோர்வேயில் கசினோவே கிடையாது. இவரோ டென்மார்க் போகும் கப்பலில் கிடைப்பதையும், எங்கெங்கோ இருந்து தபாலில் வருவதையும் சேர்க்கிறார். சூதாடுவாரா? மூச்! சேர்ப்பதோடு சரி.

"மச்சான், என்ன வித்தியாசம் சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லை."

"வடிவாப் பாருங்கோ!"

பார்த்தேன். ஒன்றின் விளிம்பில் வெள்ளைக் கோடுகள். மற்றதில் அதே கோடுகள் இளமஞ்சள். இதைப் பார்க்கத்தான் துரொண்ட்ஹெய்மில் இருந்து குணா ரயிலேறி வந்துகொண்டிருந்தார். சென்னைக்காரர், எஞ்சினியர், சிவத்தைப் போலவே சிப் பைத்தியம். எந்த வித்தியாசம் கணக்கில் சேரும், எது சேராது என்று இருவரும் போனில் சண்டை பிடிக்காத வாரம் இல்லை. எழுத்து கொஞ்சம் தடித்திருந்தால் தனி ரகமாம். கீறல் விழுந்திருந்தால் இல்லையாம். ஏனய்யா? கேட்டால் அரை நாள் போய்விடும்.

இதுவரை புது ரகம் கண்டுபிடித்ததெல்லாம் குணாதான். சிவத்துக்கு இதுதான் முதல். மனுஷன் காலையில் சாப்பிடக்கூட இல்லை.

குணா வந்தார். லென்ஸை எடுத்தார்.

"ஃபாக்டரியில மாறியிருந்தா வெரைட்டி சார். நம்ம கைபட்டு மாறியிருந்தா அழுக்கு."

திருப்பினார்... மறுபடி திருப்பினார்... எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஆனாலும் சிவத்தின் முகத்தைப் பார்த்தபோது, அந்தப் பாழாய்ப்போன கோடு ஃபாக்டரி மஞ்சளாகவே இருக்கட்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

"எல்லாக் கோடும் ஒரே சீரா இருக்கு. வெரைட்டிதான் போலிருக்கு" என்றார் குணா. சிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

தேநீரோடு வந்த வசந்தி அந்தச் சிப்பை எட்டிப் பார்த்தாள். "உதோ? சரஸ்வதி பூசைக்கு மஞ்சள் தண்ணியில கழுவி, பிள்ளையளின்ட புத்தகத்துக்கு மேல வைச்சனான் எல்லோ."

குணா லென்ஸை மூடினார். "சாரி சார். அழுக்குதான்."

சிவம் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "உதை ஏனப்பா பூசையில வைச்சனீர்?"

"படிக்கிறதைத்தானே பூசையில வைக்கிறது? பிள்ளையள் புத்தகம் படிக்கினம். நீங்கள் ராப்பகலாப் படிக்கிறது உதைத்தானே!"

அவள் பக்கம் நியாயம் இருக்கிறதே!

சரஸ்வதி ஏற்றுக்கொண்டதை ஓர் எஞ்சினியர் தள்ளிவிட்டார் – இனி எங்கே போய் அப்பீல் செய்வது?