ஒன்பதரை போட்டுக் கொடுத்த கையெழுத்து

மதியம் இரண்டு பத்துக்குச் செய்தி வந்தது. தொழிற்சாலை வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வேலைநிறுத்தத்தின் நாற்பத்தாறாம் நாள். காவலாளி உள்ளேயிருந்து வந்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போனார். பிரஸ் பிரிவில் வேலை பார்த்த பெண்தான் முதலில் எழுந்துபோய்ப் படித்தாள்.

"சமரசம் ஆயிடுச்சாம். நாளைக்குக் காலையில எல்லாரும் வேலைக்கு வரணுமாம்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எங்க பதினோரு பேரைத் தவிர."

"எவன்யா கையெழுத்துப் போட்டது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அவள் சங்கத் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான் போட்டிருக்கீங்க, அண்ணே."

தலைவரை எல்லோரும் ஒன்பதரை என்றுதான் கூப்பிடுவார்கள். தகட்டை அழுத்தி மூடிகளாக வெட்டும் பிரஸ் இயந்திரத்தில், இருபத்தொரு வயதில் ஆள்காட்டி விரலில் பாதியைக் கொடுத்தவர். கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்றே யாரோ விரல்களை எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் சிரித்தவர் அவரேதான். அந்த அரை விரலில்தான் சங்கம் பிறந்தது. இயந்திரத்துக்குத் தடுப்புக் கம்பி வேண்டும் என்று கேட்க, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பதினேழு பேர் கூடினார்கள். கம்பி வர இரண்டு வருடம் ஆனது. குடிதண்ணீர்க் குழாய்க்கு இன்னொரு வருடம். பெண்களுக்குக் கழிப்பறை கேட்டபோது மேலாளர் ஐந்து வருடம் இழுத்தடித்தார்.

அந்தக் காலத்திலேயே அவர்கள் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். எந்த ஒப்பந்தமானாலும் வாசலில் முக்காலி போட்டு, ஒருவர் அதன்மேல் ஏறி நின்று, முழுவதையும் சத்தமாகப் படிக்க வேண்டும். கைகள் உயர்ந்தால்தான் கையெழுத்து. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அது தவறியதில்லை.

இப்போது உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று நிர்வாகம் நான்கு இயந்திரங்களில் தடுப்புக் கம்பியைக் கழற்றியது. கம்பி இல்லாமல் கை வைக்க மாட்டோம் என்று பதினோரு பேர் விலகி நின்றார்கள். அன்றே அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பதினோரு பேருக்காகத்தான் முந்நூறு பேர் நாற்பத்தாறு நாளாகத் தெருவில் கிடந்தார்கள்.

அந்தத் தாளில் இருந்தது தன் கையெழுத்துதான் என்பதை ஒன்பதரை பார்த்தவுடனே அறிந்துகொண்டார். கடைசி எழுத்தைக் கீழே இழுத்துச் சுழிக்கும் பழக்கம் அவருடையது. எப்படி வந்தது என்பதும் உடனே புரிந்தது. தொழிலாளர் துறை அலுவலகம் அவர் இயந்திரத்தின் முன் நிற்கும் நேரத்தில்தான் திறந்திருக்கும். மனு, நோட்டீஸ், பதில் எல்லாவற்றுக்கும் தலைவர் கையெழுத்து வேண்டும். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, சங்கத்தின் பெயர் அச்சடித்த வெற்றுத் தாள்களில் பத்துப் பத்தாகப் போட்டுக் கொடுப்பார். வாங்கிக்கொள்பவர் சங்கச் செயலாளர். சாமான் கிடங்கில் வேலை, நினைத்தபோது வெளியே போகலாம். சட்டப் புத்தகம் படிப்பவர் என்பதால் வக்கீல் என்று பட்டப்பெயர். ஒன்பதரையின் தங்கை கணவர்.

"அண்ணே, கையோட என் கல்யாணப் பத்திரிகையிலயும் ஒண்ணு போட்டுடுங்க" என்று பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "மாப்பிள்ளைகிட்ட இருந்தா என் சட்டைப் பையில இருக்கிற மாதிரி" என்பார் அவர்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனார். வக்கீல் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உட்காருங்க மச்சான்."

"உட்கார வரல. முக்காலி எங்க மாப்பிள்ளை? யாரு படிச்சா? யாரு கையைத் தூக்கினா?"

"படிச்சிருந்தா தூக்கியிருப்பாங்களா? இன்னும் பத்து நாள் போயிருந்தா முந்நூறு பேர் வீட்லயும் அடுப்பு எரிஞ்சிருக்காது. பதினோரு பேரை விட்டு மத்தவங்களைக் காப்பாத்தினேன்."

"அப்ப உன் கையெழுத்தைப் போட வேண்டியதுதானே?"

வக்கீல் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். கதவுக்குப் பின்னால் தங்கை நிற்பது நிழலில் தெரிந்தது. அடுத்த வாரமே வக்கீலுக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் பதவி வந்தது.

ஒன்பதரை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி விஷயத்தை முழுதாகக் கேட்டார். "வெத்துத் தாள்ல போட்டேன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க. முப்பது நாளுக்குள்ள குடுத்தா ஒப்பந்தம் நிக்காது, பதினோரு பேர் வழக்கையும் திரும்ப எடுக்கலாம். ஆனா ஒண்ணு, உங்க மாப்பிள்ளை மேல மோசடி வழக்கு வரும். அதை என்னால தடுக்க முடியாது."

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் தங்கை அவர் வீட்டுக்கு வந்தாள். அப்பா போன பிறகு அவர் தூக்கி வளர்த்தவள். அவள் அழவில்லை. அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அவரை உள்ள வச்சுட்டீங்கன்னா நானும் பிள்ளைங்களும் இங்கதான் வரணும். எங்க படுக்கணும்னு இப்பவே காட்டிடுங்க அண்ணே."

"அவன் செஞ்சது தப்புன்னு உனக்குத் தோணலையா?"

"தோணாம என்ன? அந்த ஆளு முகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்கல. ஆனா என்னைக் கட்டிக் குடுத்தது நீங்கதானே?"

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

இருபதாம் நாள் பிரஸ் பிரிவுப் பெண் வந்து வாசலிலேயே நின்றாள். "எழுதிட்டீங்களா அண்ணே?"

"எழுதிக்கிட்டிருக்கேன்மா."

"உங்க மேல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. எழுதிடுவீங்கன்னு மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

இருபத்தாறாம் நாளும் வந்தாள். அவர் அதே பதிலைச் சொன்னார். அந்தமுறை அவள் அப்படியே திரும்பி நடந்தாள். முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினார்கள். அவர் வீட்டில்தான் இருந்தார். பிறகு அவள் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் கடந்துவிடுவாள்.

தலைவர் பதவியை அவர் அந்த மாதமே விட்டார். ஒன்றரை வருடத்தில் சங்கமும் கலைந்தது. கம்பி கழற்றிய இயந்திரங்களில் ஒன்றில் அவரே இன்னும் எட்டு வருடம் வேலை பார்த்தார். தங்கை வீட்டுக்கு அவர் அதன்பிறகு போனதில்லை. போன மாதம் அவர் காலமானபோது, உடலுக்குப் பக்கத்தில் முதலில் வந்து உட்கார்ந்தவள் தங்கைதான். வக்கீல் தெருமுனை வரை வந்து நின்றுகொண்டார்.

அலமாரியில் சட்டைகளுக்குக் கீழே அந்தக் கடிதம் இருந்தது. தேதி, அதிகாரிக்கு வணக்கம், தான் யார் என்று ஒரு வரி. அடுத்த வரி "அந்தத் தாளில் நான்" என்று தொடங்கி, அத்தோடு நிற்கிறது.