தட்டில் செத்த செல்கள்

ஆய்வகத்தில் அவளைத் தவிட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தவனைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை அப்படி. தானியத் தவிட்டை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, எண்ணெயைப் பிரித்தெடுக்க வேண்டும். அரைத்த அன்றே முடிக்காவிட்டால் காறல் வாடை அடித்துவிடும். பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அப்படி விட்டதில்லை. ஆனால் அந்த எண்ணெயை மேல்மாடியில் என்ன செய்கிறார்கள் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? ஒரு நாள் மேலதிகாரியே கூப்பிட்டுக் காட்டினார். எண்ணெயில் இருந்த ஏதோ ஒரு பொருள் பட்டு, தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்களில் பாதிக்குமேல் செத்திருந்தன.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அக்காவுக்கு மார்பில் கட்டி. மூன்று வாரத்துக்கொருமுறை மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டு, வாந்தியும் மயக்கமுமாக நொந்து நூலாகிப்போனவள். இது போதாதா? மறுநாளே அக்கா கடையில் தவிட்டெண்ணெய் வாங்கிவிட்டாள். மருந்து ஏற்றப் போவதாகச் சொல்லிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒரு முறையா, மூன்று முறை!

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தவிட்டோடு தானியம் சாப்பிடுவது நல்லதுதான், நோய் வராமலிருக்க உதவினாலும் உதவலாம், ஆனால் வந்த கட்டியை அது கரைக்கும் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, தட்டில் நடப்பதெல்லாம் உடம்புக்குள் நடக்காது என்று தங்கை அக்காவிடம் மன்றாடினாள்.

"இதை அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

"எனக்குப் பெருமையா இருந்துச்சுக்கா."

அக்கா மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

ஸ்கேனில் கட்டி அக்குள் வரை பரவியிருந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். வெளியூர் போயிருந்ததாகக் கண்ணிமைக்காமல் சொன்னாள் அக்கா, இரண்டு வருடமாக ஊர் எல்லையைத் தாண்டாதவள். தங்கையால் தாங்க முடியவில்லை.

"பொய் சொல்றா டாக்டர். நான் சொன்னதைக் கேட்டுத்தான் நிறுத்தினா."

டாக்டர் திட்டவில்லை. வேறு மருந்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார். முன்புபோல நம்பிக்கையாகப் பேசவில்லை, அவ்வளவுதான்.

வராந்தாவில் அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவர்கிட்ட எதுக்குடி சொன்னே? நான் போனப்புறம் உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாதுன்னுதானே அப்படிச் சொன்னேன்."