நான் அளக்காத மூலை

பூநகரிக் கோட்டையைப் பற்றிக் கேட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் என்னைத் தேடி வருகிறார்கள். ஓய்வு பெற்ற வரலாற்று ரீச்சர் என்றால் ஊருக்கே பொதுச்சொத்து. போர்த்துக்கேயர் கடல் முருகைக்கல்லால் கட்டினார்கள், ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள், ஆங்கிலேயர் உள்ளே பயணிகள் தங்க வாடிவீடு வைத்தார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு ஆமி அங்கே முகாம் போட்டதையும், இயக்கம் அடித்ததையும், இடம் கை மாறி மாறிப் போனதையும் அவர்கள் கேட்பதில்லை. கேட்டாலும் வாய் திறக்கமாட்டேன். பயம் ஒரு காரணம். மற்றது என் தம்பி.

ஆமி அங்கே வருவதற்கு முன்னர், நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, கண்காட்சி ஒன்றுக்காகக் கோட்டையின் வரைபடம் கீறினேன். அளப்பதற்கு வட்டக்கச்சி வீட்டிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. கிணற்றுக் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை அவனும் மறு நுனியை நானும் பிடித்து மதில்களை அளந்தோம். சதுரக் கோட்டை, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள். ஒன்றை அளந்தாயிற்று. கடல்பக்கத்து மற்ற மூலை முழுக்க நாகதாளி முள்ளுப் பற்றை. வெயில் மண்டையைப் பிளந்தது. தம்பியைத் தண்ணீர் அள்ளிவர அனுப்பிவிட்டு, முதல் கொத்தளத்தின் அளவுகளையே இரண்டாவதற்கும் எழுதிக்கொண்டேன். அவன் வந்து கேட்டபோது "அளந்திட்டனடா" என்றேன். படத்துக்கு முதற்பரிசு கிடைத்தது.

சில வருடங்களில் அவன் இயக்கத்துக்குப் போனான். கோட்டைக்கு ஆமி வந்தது. ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். அம்மா வயலில் நின்றார்.

"அக்கா, அந்தக் கோட்டைப் படம் கிடக்கோ?"

"கிடக்கு. ஏனடா?"

"ஒரு அலுவல். தாங்கோவன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படம் ஒன்றுக்கு உதவப் போகிறதாம்! அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். மேசையில் விரித்து, வாசல் எங்கே, மதிலின் தடிப்பு எவ்வளவு, எதைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், எதை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று விளக்கினேன். அவன் தலையை ஆட்டியபடி நின்றான். அந்த மூலைக்கு வந்தபோது உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அக்கா பொய்க்காரி என்று நினைப்பானே என்று விழுங்கிக்கொண்டேன்.

"நேரம் போட்டுது. வாறன் அக்கா" என்று படத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு போனான்.

கோட்டைச் சண்டையில் அவன் செத்துப்போனான். உடல் வீட்டுக்கு வரவில்லை. என் பொய் அளவை நம்பித்தான் போனான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அம்மா கண்மூடும்வரை அவருக்கும் சொல்லவில்லை. எத்தனை இடப்பெயர்வு! போன இடமெல்லாம் அந்த மூலையும் கூடவே வந்தது.

போன மாதம் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் சைக்கிள் திருத்துகிறவர், ஒரு கால் பொய்க்கால், என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வந்து தம்பியின் பெயரைச் சொன்னார். அதே முகவெட்டாம். அவனுடைய கடைசிச் சண்டையில் பக்கத்தில் நின்றவராம். கதிரை எடுத்துப் போட்டார். நான் அதில் உட்காரவில்லை. இத்தனை வருடமும் பொத்தி வைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான் குடுத்த படம் பிழை, தம்பி. அதாலைதான் அவன் செத்தவனோ?"

"எந்தப் படம்?" என்று யோசித்தவர் சிரித்துவிட்டார். "ஓ, அதோ! அதை அவன் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை அக்கா. படம் கிடைக்கேல்லை எண்டு பொறுப்பாளரிட்டைச் சொல்லிப்போட்டான். 'தண்ணியள்ளக் கயிறைக் கொண்டு போனது நான், பிறகு அக்கா எதாலை அளந்தவா' எண்டு எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சண்டையிலை நாங்கள் கோட்டைக்குக் கிட்டவும் போகேல்லை. உப்புத் தரவை வெளியிலையே அவனுக்கு வெடி பட்டிட்டுது."

"அப்ப ஏன் என்னட்டைக் கேட்டு வந்தவன்?"

"சண்டைக்கு முன்னம் லீவு தரமாட்டினம் அக்கா. அலுவல் எண்டாத்தான் விடுவினம். உங்களைப் பாக்கோணும் எண்டு, படத்தைச் சாட்டாச் சொல்லி வந்தவன்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

என் பொய் அவனைக் கொல்லவில்லை. ஆறுதலாக இருக்கவேண்டும், இல்லை. சாப்பிட்டாயா என்றுகூட அன்றைக்கு அவனைக் கேட்கவில்லை. வயலில் நின்ற அம்மாவுக்குக் குரல் கொடுக்கவில்லை. மெலிந்திருந்தானா, காயம் ஏதும் இருந்ததா, ஒன்றும் ஞாபகமில்லை. நான் பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும். பொய் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவனை நிற்கவைத்து, அரை மணித்தியாலமாக ஒல்லாந்தரைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.