சீயக்காய் தேய்த்த கால்

செக்காலையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் வீரலட்சுமி நெடுநாள் நர்ஸ். காலையில் வாசலிலேயே நிற்பாள். யார்மீதாவது தைல வாடை அடித்தால் போதும், "வைத்தியர்கிட்ட தடவிக்கிட்டு இங்குட்டு எதுக்கு வாரீக?" என்று எல்லோர் முன்னும் கேட்டுவிடுவாள். அதனால் சுற்றுப்பட்டு சனங்கள் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு வரப் பழகினார்கள். டாக்டருக்கு இது எதுவும் தெரியாது.

அறுபத்தெட்டாம் வருஷம் அவளுக்கே இடுப்பிலிருந்து குதிகால்வரை சுண்டி இழுக்கும் வலி வந்தது. டாக்டர் சயாட்டிகா என்றார். மாத்திரை கொடுத்தார், பலகையில் படுக்கச் சொன்னார். வலி பாதி குறைந்தது. மீதிப் பாதிக்காக, ஞாயிறுதோறும் முக்காடு போட்டுக்கொண்டு அமராவதிபுதூர் கருத்தையா வைத்தியரிடம் போனாள். மாத்திரையும் தைலமும் சேர்ந்து அவளை நடக்க வைத்தன. திங்கட்கிழமை அவளும் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் நின்றாள்.

ஒரு ஞாயிறு வைத்தியர் வீட்டுப் படியில் மலையம்மாள் எதிர்ப்பட்டாள். நாற்று நடுகிறவள், அதே வலிக்கு அதே டாக்டரிடம் வருகிறவள். வீரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் மலையம்மாள் காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீட்டில் மணலை வறுத்து ஒத்தடம் வைத்திருக்கிறாள். மரத்துப்போன பாதம், வெந்ததே தெரியவில்லை. புண் சீழ் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டார். புண்ணை இத்தனை நாள் மறைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

மலையம்மாள் வீரலட்சுமியை ஒரு தரம் பார்த்தாள்.

"யாரும் சொல்லலைங்க. நாந்தேன் பயந்துக்கிட்டேன்."

காட்டிக்கொடுக்க எல்லா நியாயமும் உள்ளவள் காப்பாற்றும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை.

"நான் வைவேன்னுதான் சார் மறைச்சிருக்கு," என்றாள் வீரலட்சுமி. "நானும் வைத்தியர்கிட்ட தடவிக்கிறேன்."

டாக்டர் குனிந்து புண்ணை மறுபடி பார்த்தார். பிறகு, மாத்திரையோடு தைலமும் தடவிக்கொள்ளலாம், மரத்த காலில் மட்டும் சூடு ஆகாது என்றார். இதைச் சொல்ல இத்தனை நாள் தனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அதை மலையம்மாளைப் பார்த்துச் சொல்லவில்லை.

கட்டுப் போடும்போது மலையம்மாள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அன்னைக்கு நீங்க என்னைய வேவு பாக்க வந்தீகன்னு நெனச்சேன் தாயி. அதுக்கப்புறம் வைத்தியர் வீட்டுக்குப் போகவே பயம். அதான் வீட்டுல மணல வறுத்தேன்."

வீரலட்சுமி துணியை இறுக்காமல் சுற்றினாள். நாளைக்கும் கட்டு மாத்த வாரீகளா என்று கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்கவும் கூசியது.